கரும்பு மண்ணில் நீரிழிவு

விருத்தாசலத்தில் ரயிலேறித் திருச்சிராப்பள்ளித் திசையில் செல்லும் நேயர்கள் பெண்ணாடத்தைப் பார்க்காமல் போக முடியாது. வெள்ளாற்றை அடுத்த இந்த ஊர் சைவ உலகில் மிகப் பெரிய பேர் பெற்றது. தேவலோகப் பெண்களும், காமதேனுவாகிய ஆவும், கடமாகிய வெள்ளை யானையும் பூசித்தமையால் பெண்ணாகடம் என்று பெயர் வந்ததாகத் தல வரலாறு கூறும். பிரளயகாலேசுவரர் கோயிலின் விமானம் யானை படுத்திருப்பது போன்ற அமைப்புடையதாதலின் திருத்தூங்கானைமாடம் என்றும் அழைக்கப்படுகிறது. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் அவதரித்த பதி இது. அப்பர் பெருமான் தம் தோளில் சூலக் குறியும் இடபக் குறியும் பொறிக்க வேண்டுமென்று இறைவனிடம் விண்ணப்பம் செய்து கொண்டதும் இங்கேதான்.

இவ்வளவு பெருமை வாய்ந்த ஊரில் நாம் இன்று எழுத வந்த விஷயம் கோயிலைப் பற்றியதன்று, கரும்பைப் பற்றியது. பெண்ணாடத்தைச் சூழ்ந்த வயல்களில் கரும்பு விளைகிறது. பக்கத்து இறையூரில் சர்க்கரை ஆலை எழுந்த பிறகு, எத்தனையோ குடும்பங்களின் கல்யாணமும், கடனும், பிள்ளைகளின் படிப்பும் கரும்பை நம்பியே நடந்தன. ஆனால் அந்தக் கரும்பை வெட்டிக் கொடுத்த குடியானவர், வயது ஐம்பது ஆனதும், டாக்டர் முன் உட்கார்ந்து, "உமக்குச் சர்க்கரை இருக்கிறது" என்ற தீர்ப்பைக் கேட்க நேரிடுகிறது. வயலில் சர்க்கரை இருந்தால் செல்வம்; இரத்தத்தில் இருந்தால் வியாதி. இவ்விரண்டுக்கும் இடையே நம் வீட்டுச் சமையலறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கரண்டிச் சர்க்கரை

மனிதர் தேகத்தில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சுகமாக இருப்பவருக்கு, காலையில் வெறும் வயிற்றில், நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் நூறு மில்லிகிராமுக்கு உட்பட்டே குளுகோஸ் என்னும் சர்க்கரை இருக்கும். கணக்குப் பார்த்தால், உடம்பு முழுவதிலும் உள்ள இரத்தத்தில் சர்க்கரை ஐந்து கிராம்தான். அதாவது காப்பிக்குப் போடும் சிறு கரண்டியில் ஒரு கரண்டி! இந்த ஒரு கரண்டி அளவைக் கூடாமலும் குறையாமலும் காப்பதற்கு நம் உடம்பு இரவு பகலாக வேலை செய்கிறது.

இனி இலையைப் பார்ப்போம். விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் நூற்றைம்பது கிராம் வெள்ளைச் சோறு எடுத்துக்கொண்டால், அதில் நாற்பது கிராமுக்குமேல் மாவுச்சத்து இருக்கிறது. ஜீரணமானபின் அது குளுகோஸாகவே மாறும். எனவே ஒரு கிண்ணச் சோறு, இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரையைப் போல் எட்டு மடங்கை உள்ளே கொண்டு வருகிறது. பகல் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நாம் கிண்ணம் கிண்ணமாக இட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வெள்ளத்தைத் தாங்குவது கணையம். அது சுரக்கும் இன்சுலின் என்ற நீர், தசைகளின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே அனுப்புகிறது. தசைகள் உழைத்தால் கதவு எளிதில் திறக்கும். வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்து, உடம்பு உழைப்பின்றி இருந்தால், கதவு மெள்ள மெள்ள இறுகிவிடும். அப்போது கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கும். பல வருஷங்கள் இப்படிப் போராடிக் களைத்துப் போனபின்தான் இரத்தத்தில் சர்க்கரை நின்றுவிடுகிறது. வெளிக்குத் தெரியும் நாளுக்கு நெடுநாள் முன்பே நீரிழிவு உள்ளே குடிபுகுந்து விடுகிறது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம்மவரில் மற்றொரு விசேஷமும் உண்டு. பார்வைக்கு ஒல்லியாகவே இருப்போம். கையும் காலும் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் சற்று முன்னே வந்திருக்கும். "நான் என்ன குண்டா, எனக்கு எப்படிச் சர்க்கரை வரும்?" என்று கேட்பவர் தம் இடுப்புச் சுற்றளவை ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. ஆடவருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டரும் பெண்டிருக்கு எண்பது சென்டிமீட்டரும் தாண்டினால் எச்சரிக்கை அவசியம்.

ஒரு வியாதி அன்று, பல வியாதிகளின் வாசல்

நீரிழிவைப் பண்டைய வைத்தியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மதுமேகம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். நோயாளியின் நீரில் எறும்பு மொய்ப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். ஆயினும் அது இவ்வளவு பரந்து கிளைக்கும் வியாதி என்பது பிற்காலத்து அறிவு.

மிகுதியான சர்க்கரை, உடம்பிலுள்ள புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. இரத்தத்தின் சிவப்பு அணுக்களில் உள்ள ஹீமோகுளோபினிலும் அவ்வாறு ஒட்டுகிறது. அந்த அணுக்கள் ஏறக்குறைய நூற்றிருபது நாள் வாழ்வதால், ஒட்டியிருக்கும் அளவைக் கொண்டு சென்ற இரண்டு மூன்று மாதக் கணக்கை டாக்டர் படித்துவிடுகிறார். பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நலம். இந்தச் சோதனையில் 6.5 சதவிகிதமோ, வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ, அதற்கு மேலோ இருப்பது மீண்டும் சோதித்தும் உறுதிப்பட்டால் நீரிழிவு என்று முடிவு செய்கிறார்கள்.

சர்க்கரை ஒட்டிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் நாளடைவில் பழுதடைகின்றன. கண்ணின் திரையில் பழுதடைந்தால் பார்வை போகிறது. சிறுநீரகத்தில் பழுதடைந்தால் இரத்தம் சுத்தியடையாமல் போகிறது. பாதத்து நரம்பில் பழுதடைந்தால் முள் குத்தினாலும் தெரிவதில்லை. பெரிய குழாய்களில் கொழுப்புப் படிந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் தொடர்கின்றன. நோயை எதிர்க்கும் சக்தி குறைவதால் க்ஷயரோகமும் சுலபமாகப் பற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் க்ஷயரோகிகளிடையே நடத்திய ஓர் ஆராய்ச்சியில், நால்வரில் ஒருவருக்கு நீரிழிவும் இருந்ததாக 2012-ல் வெளியிட்டார்கள். ஏழையின் நோயென்று ஒன்றையும் பணக்காரரின் நோயென்று மற்றொன்றையும் பிரித்துப் பேசிய காலம் போய்விட்டது. இரண்டும் ஒரே குடிசையில் சேர்ந்து வாழ்கின்றன.

நம்பிக்கையும் உண்டு. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 5,102 நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1998-ல் வெளிவந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கி வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் கேடு நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் அடக்கியவர்களிடம் பக்கவாதம் நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. ஆகவே சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது. உப்பையும் பார்க்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காத நம் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி.

கடல் கடந்த கரும்பு

கரும்புக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பெண்ணாடத்தோடு நிற்கவில்லை. 1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பதற்கு நம்மவர் அதில் போனார்கள். அவர்கள் பட்ட துன்பத்தைக் காந்தியடிகளின் போராட்டம் உலகுக்கு அறிவித்தது.

நூறு வருஷத்துக்குப் பின், அதே டர்பன் நகரத்து ஆஸ்பத்திரியில் காம்பெல் என்ற டாக்டர் ஒரு காட்சியைக் கண்டார். அங்கு வாழ்ந்த இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த ஜூலு மக்களுக்கோ, நகர வாழ்வு தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து அது தலைகாட்டியது. தோட்டத்தில் கரும்பைக் கடித்துத் தின்று கொண்டே நாள் முழுதும் வெட்டி உழைப்பவருக்கு அது அரிதாகவே வந்தது. கிளீவ் என்ற கடற்படை டாக்டரோடு சேர்ந்து அவர் 1966-ல் எழுதிய நூல், சுத்தி செய்த சர்க்கரையின்மீதும் மாவின்மீதும் குற்றம் சாட்டியது. சர்க்கரை ஒன்றே காரணமென்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். பரம்பரை, கொழுப்பு, உழைப்பின்மை எல்லாம் சேர்ந்துதான் வியாதியை உண்டாக்குகின்றன. ஆயினும் உழைப்பைக் குறைத்து உணவை வெளுக்கச் செய்த வாழ்க்கை, இருபது ஆண்டில் வட்டியும் முதலுமாகக் கேட்கும் என்ற பாடம் பொய்யாகவில்லை.

வெளுத்த அரிசி

இந்தப் பாடத்தை நம் நாட்டில் முன்னமே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய மக்காரிஸன், இந்தியாவின் பல மாகாணத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியரின் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம் பெற்றன. அரிசியையே நம்பிய சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை கடைசி இடம் பெற்றன. 1934-ல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை, தஞ்சாவூரிற் பிறந்த குமரப்பா நடத்தினார். கைக்குத்தல் அரிசியின் மேன்மையைச் சங்கம் நாடெங்கும் பரப்பியது. அப்போது அதை ராட்டையோடு சேர்த்து, பழைமைப் பித்தென்று கேலி செய்தவர்களும் உண்டு. தவிட்டை நீக்கி அரிசியைப் பளபளப்பாக்கும்போது நாரும், உயிர்ச்சத்தும் போய் மாவு மட்டும் மிஞ்சுகிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் ஒப்புக்கொள்கிறது.

இருபத்தொரு தேசங்களில் 1,32,373 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2020-ல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவரைவிட நீரிழிவு வருவது நூற்றுக்கு 20 பங்கு அதிகம் என்றும், இந்தியா முதலிய தெற்காசிய நாடுகளில் அது 61 பங்கு அதிகம் என்றும் கண்டார்கள். நூற்றைம்பது கிராம் என்பது நாம் மேலே சொன்ன பீங்கான் கிண்ணம் ஒன்று. நானூற்றைம்பது என்பது மூன்று. நம் வீடுகளில் நாளொன்றுக்கு எத்தனை கிண்ணம் ஆகிறது என்பதை ஒவ்வோர் இல்லத்தரசியும் ஒரு நாள் அளந்து பார்க்கும்படி வேண்டுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் தேசம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. முன்னே தமிழ்நாட்டு ஜனத்தொகை முழுவதையும் நிறுத்தினாலும் அந்தத் தொகைக்கு ஈடாகாது!

சென்னை காட்டிய வழி

இவ்வளவு இருளிலும் நம் நாட்டார் ஏற்றிய விளக்குகள் உண்டு. 1922-ல் டொராண்டோவில் பதினாலு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தி, அதுவரை மரணமே முடிவென்றிருந்த வியாதியை மடக்கினார்கள். ஆனால் மருந்து வந்ததும் வியாதி ஒழிந்துவிடவில்லை. நீரிழிவுக்கென்று தனிக் கவனம் வேண்டுமென்று உணர்ந்த டாக்டர் எம். விசுவநாதன், 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அதற்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே ஏற்படுத்தினார். கர்ப்பிணிகளுக்கு வரும் நீரிழிவைப் பற்றி டாக்டர் வீ. சேஷய்யா செய்த ஆராய்ச்சியால், 75 கிராம் குளுகோஸைக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் எளிய ஒரே சோதனை நடைமுறைக்கு வந்தது. இந்தச் சோதனையை எந்தக் கர்ப்பிணியும் தவிர்க்கலாகாது. தாயின் இரத்தத்தில் ஓடும் மிகைச் சர்க்கரை, பிறக்கப்போகும் குழந்தைக்கும் பிற்காலத்தில் நீரிழிவை அழைத்து வரக்கூடும்.

டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ நமக்கெல்லாம் நேரே பயன்படுவது. வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர் ஆனார்கள். உணவைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39 பேரே ஆனார்கள். மாத்திரை உண்டவர்களிலோ 40 பேர். மாத்திரை செய்ததை நடையும் இலையும் செய்தன! விலையில்லா மருந்து இது.

வீட்டில் செய்யத் தக்கவை

நம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனையோ வீடுகளில், எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருபவர் வீட்டு அம்மாள்தான். அந்நேரம் கூட்டும் பொரியலும் காலியாகி, சட்டியில் சோறும் குழம்பின் அடியுமே மிஞ்சியிருக்கும். வீணாகலாகாதென்று அதையே வயிறு நிறைய உண்டு, அடுத்த வேலைக்கு எழுந்து விடுகிறார்கள். பிள்ளைக்கும் புருஷனுக்கும் மருந்து நேரம் தவறாமல் எடுத்து வைப்பவர், தம் இரத்தத்தை ஒரு முறையும் சோதித்துப் பார்த்ததில்லை. சிக்கனம் என்று நாம் புகழும் இந்தப் பழக்கம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை வீட்டு ஆடவர் உணர வேண்டும். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதே இதற்குப் பரிகாரம்.

இலையில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும்; கால் இடம் பருப்பு, சுண்டல், மோர், முட்டை, மீன் முதலியவற்றில் அவரவர் வழக்கப்படி ஏற்றதற்கு; மிஞ்சிய கால் இடமே சோற்றுக்கு. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் உண்டால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். உண்டபின் படுக்காமல் பத்து நிமிஷம் உலாவுவதும் பயன் தரும்.

பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலங்களில் வரகும் கம்பும் முன்பு சாதாரண உணவு. விருந்தாளிக்குப் போடக் கூசும்படி அவற்றை நாமே தாழ்த்திவிட்டோம். நார் மிகுந்த அவற்றை மீண்டும் இலைக்கு அழைப்பது நன்று. ஆனால் கேழ்வரகையோ கம்பையோ நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தானியத்தின் பெயரை மாற்றினால் போதாது. அளவையும் மாற்ற வேண்டும்.

வெல்லம், கருப்பட்டி, தேன் இவற்றைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டுப் பண்டங்கள் என்ற அபிமானம் நமக்கும் உண்டு. எனினும் நீரிழிவுக்காரரின் இரத்தத்தில் அவை வெள்ளைச் சர்க்கரையைப் போலவே நடந்துகொள்கின்றன. சுதேசி என்பதால் கணையம் சலுகை காட்டாது. பொங்கலன்று நைவேத்தியத்தை ஒரு கரண்டி எடுத்துக்கொள்வதில் பாதகமில்லை; தினந்தோறும் நாலு டம்ளர் காப்பியில் கரைந்து போகும் சர்க்கரையே பெரிய பகைவன்.

மருந்து உண்பவர்கள் யார் சொல்லியும் அதைத் தாமாக நிறுத்தலாகாது. இலைச் சாறும் கஷாயமும் இன்சுலினுக்குப் பதில் ஆகா. மருந்தின் வேகத்தால் சில சமயம் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் தலைசுற்றலும் உண்டாகும். அந்நேரம் உடனே மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உயிர் பிழைக்கும். நினைவு தப்பியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது, ஆஸ்பத்திரிக்கே கொண்டு போக வேண்டும். விலக்கிய பண்டமே மருந்தாகும் நேரமும் உண்டென்பதை வீட்டார் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். மாத்திரை வாங்கப் போக முடியாத முதியோருக்காக, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தார்கள்.

பாதம் கழுவிய ஊர்

பெண்ணாடத்தில் அவதரித்த மற்றொருவர் கலிக்கம்ப நாயனார். தம் வீட்டுக்கு வரும் அடியார்களின் பாதத்தைத் தாமே கழுவி அமுது செய்விப்பது அவர் தொண்டு. ஒரு நாள் முன்பு தம் ஏவலாளாக இருந்தவனே அடியவனாக வந்தபோதும், பேதம் பாராமல் அவன் பாதத்தைப் பற்றிக் கழுவினார். நீர் வார்க்கத் தயங்கிய மனைவியாருக்கு நேர்ந்ததை நேயர்கள் அறிவார்கள். அந்தக் கடுமை நம்மால் தாங்கத் தக்கதன்று. ஆனால் பாதம் கழுவும் அந்தத் தொண்டை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நீரிழிவுக்காரர் வீட்டில், தினம் இரவில் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கும் உள்ளங்காலும் பார்க்க வேண்டும். வயதானவருக்குக் குனிய முடியாது, கண்ணும் மங்கலாயிருக்கும். மகனோ, மருமகளோ, பேரக் குழந்தையோ விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிறு கொப்புளமோ, வெடிப்போ இருந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்ட வேண்டும். வலியில்லாத புண்ணை வலியில்லையே என்று விட்டவர்களில் பலர் காலையே இழந்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷத் தொண்டால் ஒரு கால் பிழைக்கும். ஒரு கால் பிழைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

கரும்பு பயிரிடுவோர் இந்தக் கட்டுரையைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. கரும்பு சர்க்கரை மட்டும் தருவதன்று. அதன் பாகிலிருந்து எரிசாராயம் எடுத்துப் பெட்ரோலோடு கலக்கிறார்கள், சக்கையிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நாம் இனிப்பைக் குறைத்தால் குடியானவர் குடி கெட்டுவிடாது. அவருடைய இரத்தமும் கெடாமலிருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

அன்னியரிடமிருந்து நாட்டை மீட்டவர்கள் நாம். அந்த நாட்டில் வாழும் தேகத்தை நாவின் ஆட்சியிலிருந்து மீட்பது அவரவர் வீட்டு வேலை. இன்றிரவு சோறு பரிமாறும்போது ஒரு கிண்ணத்தை எடுத்து அளந்து பாருங்கள். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு, வீட்டு அம்மாளை முதலில் அழைத்துக்கொண்டு, சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.